முதுகு காட்டி நின்றவள்

வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் என் அம்மாவைத் தெரியாத ஆள் குறைவு. ஆனால் பின்பக்கமிருந்து பார்த்தால்தான் தெரியும். அவள் பாட்டுக்கு டீக்கடைப் பக்கம் நடந்துபோவாள். பின்னாலிருந்து யாராவது ஒரு மாட்டு வியாபாரி, "ஏனுங்க அம்மணி, பொட்டிக்குள்ள மல ஓரத்துல நிக்கறது நீங்கதானுங்களே?" என்று கூப்பிடுவார். அம்மா திரும்புவாள். முகத்தைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். "இல்லீங்களா? வேற ஆருன்னோ நெனச்சுப்போட்டனுங்க" என்று நகர்ந்துவிடுவார். அம்மா இதை வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அப்பாவும் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பா பெயர் சங்கையா. ஊர் ஊராகப் போய் ரெட்டைப் படம் எடுப்பதும் காட்டுவதும் அவர் தொழில். ரெட்டைப் படம் என்பது எங்கள் வீட்டில் வைத்த பெயர். நம் இடது கண் பார்ப்பதும் வலது கண் பார்ப்பதும் கொஞ்சம் வேறு வேறு. அதே மாதிரி ஒரே காட்சியை இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று இரண்டு படமாக எடுத்து, ஒரே அட்டையில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி, இரண்டு கண்ணாடி வைத்த பெட்டியில் செருகிப் பார்த்தால் படம் தட்டையாக இருக்காது. மலை தள்ளி நிற்கும். மரம் கிட்டே நிற்கும். நடுவில் இருக்கும் பள்ளத்தை எட்டிப் பார்க்கலாம் போல இருக்கும். முதல்முறை பார்க்கிறவர்கள் பெட்டிக்கு முன்னால் கையை நீட்டித் துழாவுவார்கள். அதைப் பார்ப்பதற்காகவே இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்பார் அப்பா.

அவரிடம் இருந்தது ஒரு கேமராதான். அதை ஒரு மரச்சட்டத்தின் மேல் வைத்து, ஒரு படம் எடுத்துவிட்டு, நாலு விரல் தள்ளி நகர்த்தி, இன்னொன்று எடுப்பார். இரண்டுக்கும் நடுவில் காட்சியில் கிட்டத்தில் இருக்கிற எதுவும் அசையக் கூடாது. அசைந்தால் அந்த இடம் மட்டும் பெட்டிக்குள் ஒட்டாது. இரண்டு கண்ணும் இரண்டு விதமாகச் சொல்லும், பார்க்கிறவருக்கு அந்த இடம் நடுங்கும். அப்படிப்பட்ட படத்தை அப்பா யாருக்கும் காட்ட மாட்டார். அப்புறம், வெறும் மலையை எடுத்தால் ஆழம் தெரியாது. கிட்டத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும். அந்த ஆளைத் தாண்டித்தான் மலை விலகிப் போகும். அப்படி நின்ற ஆள் என் அம்மா குருவம்மாள்.

கல்யாணத்துக்கு முன்னாலேயே நின்றிருக்கிறாள். இரண்டு பேருமே சக்குபள்ளத்துப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக் கூலிக்காரர் லயத்தில் பிறந்தவர்கள். அப்பா கொஞ்ச காலம் குமுளியில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தார். அங்கே பழைய சாமான்களோடு சாமானாகக் கிடந்த ஒரு பெட்டியில் யாரோ எப்போதோ எடுத்த ரெட்டைப் படம் ஒன்றைப் பார்த்திருக்கிறார். அதோடு சரி. கல்யாண வீடு, பாஸ்போர்ட் சைஸ் எதிலும் அவருக்கு மனசு நிற்கவில்லை. தானாகவே சட்டம் செய்து, பெட்டி செய்து, முதல் படத்துக்காக ஒரு பாறை ஓரத்தில் ஆள் தேடி நின்றபோது, காய் எடுக்கப் போய்க்கொண்டிருந்த பெண்களில் அம்மாதான் நிற்கிறேன் என்றாள். வயசுப் பெண்ணின் முகத்தை ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் பெட்டிக்குள் பார்ப்பது சரியில்லை என்று அப்பாவே சொல்லி, அவளை அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னாராம். அந்த மரியாதையில்தான் அம்மா விழுந்தாள். நல்லது, நான் குறை சொல்லவில்லை. கல்யாணம் ஆன பிறகாவது அவளை இந்தப் பக்கம் திருப்பியிருக்கலாம். திருப்பவில்லை.

அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்தே அலைந்தார்கள். மலையை எடுத்துக்கொண்டு கீழே போவார்கள், கீழே இருப்பதை எடுத்துக்கொண்டு மலைக்கு வருவார்கள். வேலந்தாவளத்தில் மாடு விற்க வந்தவர்களுக்கு அருவியும் தேயிலைச் சரிவும் யானையிறங்கும் தண்ணீரும். எஸ்டேட் ஜனங்களுக்கு வேலந்தாவளம் சந்தை, கல்பாத்தித் தேர், கஞ்சிக்கோட்டில் ரயில் போகிற பாதை. தோட்டத்தில் ரிட்டயர் ஆகிறவர்கள் லயத்து வீட்டைக் காலி செய்து கொடுத்தாக வேண்டும். போவதற்கு முன்னால் அப்பாவைக் கூப்பிட்டு, பிள்ளை பெற்று வளர்த்த அந்த ஒற்றை அறையை ரெட்டைப் படமாக எடுத்து வைத்துக்கொள்வார்கள். அதிலும் வாசலோரமாக என் அம்மாவின் முதுகு நிற்கும். "எங்க வீட்டுப் படத்துல நாங்க நிக்கக் கூடாதா?" என்று ஒரு அம்மா கேட்டதற்கு, "நீங்க ஆடிருவீங்க தாயி, இவ ஆட மாட்டா" என்று சொன்னாராம்.

அது உண்மை. அம்மா ஆட மாட்டாள். மழைக்காலத்தில் கெண்டைக்காலில் அட்டைப்பூச்சி ஏறி ரத்தம் குடித்துக்கொண்டிருக்கும், இரண்டாவது படம் முடிகிறவரை குனிய மாட்டாள். "ஆடாத புள்ள" என்று அப்பா சொல்லிவிட்டால் மூச்சுகூட மெதுவாகத்தான் விடுவாள். செல்போன் வந்ததும் இந்தத் தொழில் படுத்துவிடும் என்று என் மாமா சொன்னார். படுக்கவில்லை. அப்பா டிஜிட்டல் கேமரா வாங்கினார், பாலக்காட்டில் ஒரு கடையில் பிரிண்ட் போட ஆரம்பித்தார், பள்ளிக்கூடங்களில் கூப்பிட்டார்கள், ரிசார்ட்காரர்கள் கூப்பிட்டார்கள். தொழில் நன்றாகவே நடந்தது. அதை நினைத்து யாரும் கண்ணீர் விட வேண்டாம். நான் அழுவது வேறு விஷயத்துக்கு.

என்னை மாமா வீட்டில் விட்டுவிட்டுத்தான் போவார்கள். லீவு நாட்களில் மட்டும் கூட்டிப்போவார்கள். நான் பார்த்தே ஒருதரம் அம்மா கேட்டிருக்கிறாள். ஏதோ ஒரு வளைவில் கேமராவை நிறுத்தி அப்பா வெளிச்சம் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா தலையைக் கோதிக்கொண்டு, புதுச் சேலையை நீவிவிட்டுக்கொண்டு, "ஏங்க, ஒரே ஒரு வாட்டி இந்தப் பக்கம் திரும்பி நிக்கட்டா?" என்றாள்.

"நீ திரும்பினா எல்லாரும் உன்னையத்தான் பாப்பாக. மலைய யாரு பாப்பா?" என்றார் அப்பா.

அம்மாவுக்கு அது பெரிய பாராட்டாகப் போய்விட்டது. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பார்க்கிறவனெல்லாம் பார்க்க வேண்டாம், நீங்கள் ஒருத்தர் பார்க்கலாமே என்று அவரிடம் சொல்லத் தெரியாமல் போய்விட்டது அவளுக்கு. எனக்குத் தெரியும், ஆனால் எனக்கு அப்போது பத்து வயதுகூட ஆகவில்லை.

போன மாசியில் அம்மா செத்துப்போனாள். படுக்கவில்லை, மருந்து சாப்பிடவில்லை. கடைக்குப் போய்விட்டு வந்தவள் நடையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டிருக்கிறாள். அப்பா சொம்பை எடுத்துக்கொண்டு வருவதற்குள் சாய்ந்துவிட்டாள். நான் கஞ்சிக்கோட்டில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். தகவல் வந்து, என் வீட்டுக்காரரும் நானும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறி மாறிச் சக்குபள்ளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். அப்பா அவள் தலைமாட்டில் குனிந்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அவளை அப்படி உட்கார்ந்து பார்த்து நான் பார்த்ததில்லை.

மாலை போடுவதற்கு யாரோ போனில் இருந்த ஒரு படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுவந்து வைத்தார்கள். அப்பா அதை ஒருமுறை பார்த்துவிட்டு, "தட்டையா இருக்காளே" என்றார். வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அவருக்கு எழுந்து நிற்காத படம் படமே இல்லை.

காரியமெல்லாம் முடிந்து அவரை என்னோடு கஞ்சிக்கோட்டுக்குக் கூட்டிவந்தேன். துணிமணி ஒரு பை. படங்கள் ஏழெட்டு மூட்டை. வந்த அன்றே கூடத்தில் மூட்டைகளைப் பிரித்துப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்னப்பா தேடுறீங்க?"

"உங்கம்மா மூஞ்சி" என்றார். "இத்தன வருசத்துல ஒண்ணுலயாவது திரும்பியிருப்பா தாயி. ஒரே ஒண்ணு கெடச்சாப் போதும். அவ எந்திரிச்சு நிக்கிறத ஒரு வாட்டி பாத்துட்டேன்னா, நான் எம்பாட்டுக்கு இருந்துக்கிடுவேன்."

நானும் வேலை விட்டு வந்தபிறகு கூட உட்கார்ந்து தேடினேன். அம்மா எல்லா இடத்திலும் இருந்தாள். அருவிக்கு முன்னால், அணைக்கு முன்னால், தேருக்கு முன்னால், யார் யார் வீட்டு அடுப்புக்கோ முன்னால். கொண்டை கறுப்பாக இருந்தது, மெலிந்தது, நரைத்தது. ரவிக்கையின் முதுகுப் பக்கம் தைத்த பட்டி, கழுத்தோரத்து மச்சம், வலது தோள் கொஞ்சம் இறங்கிய நிற்பு என்று பின்பக்கம் முழுதும் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. பெட்டியில் போட்டுப் பார்த்தால் கையை நீட்டித் தோளைத் தொட்டு, அம்மா இந்தப் பக்கம் திரும்பு என்று சொல்லலாம் போல அத்தனை கிட்டத்தில் நின்றாள். ஒரு படத்திலும் முகம் இல்லை. அப்பா சொன்னபடி கேட்டவள்தானே. ஏன்தான் அப்படிக் கேட்டாளோ.

மூட்டைகள் தீர்ந்ததும் அப்பா சாப்பாட்டைக் குறைத்தார். பிறகு பேச்சைக் குறைத்தார். சந்தைக்குப் போகலாமே, பழகின ஆட்கள் இருப்பார்களே என்றார் என் வீட்டுக்காரர். "முன்னால யாரு நிப்பா?" என்று கேட்டார் அப்பா. ஒருநாள் போனில் இருந்த அம்மா படத்தையே இரண்டு பிரிண்ட் போட்டு, இரண்டு பக்கமும் ஒட்டிப் பெட்டியில் வைத்துப் பார்த்திருக்கிறார். நான் வேலை முடிந்து வந்தபோது பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்திருந்தார். "ஒரே படத்த ரெண்டு கண்ணுக்கும் காட்டுனா எப்புடி நிப்பா? கட்அவுட்டு மாதிரி நிக்கிறா" என்றார். அவருக்கு இது தெரியாதா? எத்தனை பேருக்கு அவரே சொல்லிக்கொடுத்த பாடம். தெரிந்தும் செய்து பார்த்திருக்கிறார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

என்னோடு பேக்கிங்கில் வேலை செய்கிற சிஞ்சு என்ற மலையாளப் பெண்ணிடம் இதையெல்லாம் சொல்லியிருந்தேன். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டின்போது அவள் போனை நீட்டினாள். "சேச்சி, அம்மையோட ஃபோட்டோ என்டெ போன்ல உண்டு. பாப்பாக்குக் காது குத்துன அன்னிக்கு எடுத்தது. இப்பதான் கண்டேன்."

என் மகளுக்குப் போன ஆவணியில் சக்குபள்ளத்தில் எங்கள் முனியாண்டி கோயிலில் வைத்துக் காது குத்தினோம். சிஞ்சுவும் வந்திருந்தாள். படத்தில் அம்மா பட்டுச்சேலை கட்டி, மொட்டையடித்த குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்து நின்றாள். முழு முகம். இதே மாதிரி ஒரு படத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது. என் மாமா மகள் மோனிஷா அனுப்பிய படங்களில் தேடினேன். அதே அம்மா, அதே சேலை, அதே நிற்பு. ஆனால் அம்மாவுக்குப் பின்னால் இருந்த வேப்பமரம் சிஞ்சு படத்தில் இருந்ததைவிடக் கொஞ்சம் நகர்ந்திருந்தது.

கையில் இருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டேன். "சிஞ்சு, நீயும் மோனிஷாவும் எங்க உக்காந்திருந்தீங்க?"

"அடுத்தடுத்துதான் சேச்சி. அந்தச் சின்னப் பெஞ்சுல. இடிச்சு இடிச்சு உக்காந்தோம்."

சிஞ்சு இடப்பக்கம், மோனிஷா வலப்பக்கம். இரண்டு பேரும் கையை நீட்டி ஒரே ஆளை எடுத்திருக்கிறார்கள். இரண்டு போனுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்திருக்கும். இது ரெட்டைப் படம். ரெட்டைப் படக்காரர் மகளுக்கு இதைக்கூடவா தெரியாமல் இருக்கும்? நான் கேன்டீனில் அத்தனை பேருக்கு நடுவில் சிஞ்சுவைக் கட்டிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனதும் முதல் காரியமாக அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அதுதான் நான் செய்த அவசரக்கேடு. படங்களைப் பெரிதாக்கி ஒழுங்காகப் பார்த்துவிட்டு அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? அவர் எழுந்து நின்றுவிட்டார். "நெசமாவா? மூஞ்சி நல்லாத் தெரியுதா? ரெண்டுலயுமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அன்றைக்கு இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் பாலக்காட்டுக் கடையில் பிரிண்ட் போட்டு வாங்கி, வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சிஞ்சு எடுத்ததில் அம்மா சிரிக்கிறாள். வாய் பாதி திறந்திருக்கிறது, யாரையோ கூப்பிடுகிற சிரிப்பு. மோனிஷா எடுத்ததில் சிரிப்பு இல்லை. அழவில்லை, கோபமும் இல்லை. எங்கள் வீட்டு ஆட்களுக்கு மட்டும் தெரிகிற ஒரு முகம். கேட்டது கிடைக்காதபோது, கிடைக்காது என்று முன்பே தெரிந்தவள் போல அவள் வைத்துக்கொள்ளும் முகம். அந்தப் படத்தின் வலது ஓரத்தில் ஒரு கை மட்டும் தெரிந்தது. உள்ளங்கையைக் காட்டித் தூக்கிய கை. அப்பாவின் கை.

எனக்கு அந்த நேரம் அப்படியே நினைவுக்கு வந்தது. காது குத்தி முடித்து, குழந்தை அழுது ஓய்ந்திருந்தது. அம்மா அவளை இடுப்பில் வாங்கிக்கொண்டு, "ஏங்க, வாங்க. பேத்திகூட ரெண்டு பேரும் நின்னு ஒரு படம் எடுத்துக்கிடுவோம்" என்று கூப்பிட்டாள். அப்பா அந்த ஓரத்தில் கேமராவை நிறுத்தியிருந்தார். முனியாண்டிக்கு நட்டிருந்த வேல்களை முன்னால் வைத்து, அதற்கு அப்பால் பள்ளத்தில் பனிமூட்டமாக மஞ்சு இறங்குவதை எடுத்துக்கொண்டிருந்தார். முதல் படம் எடுத்தாகிவிட்டது, இரண்டாவது பாக்கி. திரும்பிப் பார்க்காமலே கையைத் தூக்கி, "பொறு புள்ள" என்றார். அம்மா பொறுத்தாள். பிறகு மஞ்சு மூடிக்கொண்டது, அது விலகட்டும் என்று அவர் காத்திருந்தார். பந்தி போட்டார்கள், குழந்தை தூங்கிவிட்டது. அந்தப் படம் எடுக்கவே இல்லை.

போனில் எடுத்த நேரம் இருந்தது. சிஞ்சு எடுத்தது முதலில். சில நொடி கழித்து மோனிஷா. சிரிப்பு முதலில், அந்தக் கை அதற்குப் பிறகு.

பஸ்ஸில் வரும்போது என் மனசு நிலைகொள்ளவில்லை. இதைக் கொடுத்து, பாருங்கள், நன்றாகப் பாருங்கள், அவள் முகத்தை நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்க வேண்டும் போலவும் இருந்தது. சிறு வயதிலிருந்து அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டிருக்கிறேன். கொடுக்காமலே விட்டுவிடலாமா, கடையில் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிடலாமா என்றும் இருந்தது. கடைசியில் வீட்டுக்கு வந்ததும் கத்திரிக்கோலை எடுத்துக் கை தெரிந்த ஓரத்தை வெட்டினேன். இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டுமே என்று இன்னொன்றிலும் அதே ஓரத்தை வெட்டினேன். சிரிக்கிறதை இடது பக்கமும் சிரிக்காததை வலது பக்கமும் அட்டையில் ஒட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வெளியே போனபிறகு கொடுத்தேன். அப்பா காலையிலேயே சவரம் செய்து, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராக இருந்தார். ஏதோ பெண் பார்க்கப் போகிறவர் போல. பெட்டியின் கண்ணாடிகளை வேட்டி நுனியால் துடைத்தார். அட்டையை வாங்கி நேராகப் பார்க்காமல், தடவிப் பார்த்தே செருகினார்.

"ஓரத்த ஏன் வெட்டுன?" என்றார்.

"பெட்டிக்கு அளவு சேரலப்பா."

பெட்டியை ஜன்னல் பக்கம் தூக்கி முகத்தில் வைத்தார்.

"அடியாத்தே" என்றார். "நிக்கிறா தாயி. நிக்கிறா. சேல மடிப்பு நிக்கிது, வளையல் நிக்கிது, பாப்பா காலு வெளிய வருது பாரு." ஒரு கையை நீட்டிப் பெட்டிக்கு முன்னால் துழாவினார். அத்தனை வருஷம் அடுத்தவர்கள் அப்படிச் செய்வதைப் பார்த்துச் சிரித்த மனிதர். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

பிறகு கை நின்றுவிட்டது.

"மூஞ்சி மட்டும் சேர மாட்டேங்குதே."

"போன்ல எடுத்ததுப்பா. அப்படித்தான் இருக்கும்."

"இல்ல. மூஞ்சி ஆடுது." பெட்டியை எடுக்காமலே சொன்னார். "அவ ஆடவே மாட்டாளே."

ஒரு கண்ணை மூடினார். அதைத் திறந்து மறுகண்ணை மூடினார். கன்னச் சதை சுருங்கி விரிவதில் எனக்குத் தெரிந்தது. வெகு நேரம் அப்படியே மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இதுல சிரிக்கா. இதுல சிரிக்கல" என்றார். "எது தாயி மொதல்ல எடுத்தது?"

எத்தனையோ வருஷமாக நான் கேட்க நினைத்ததைக் கேட்க அதைவிடத் தோதான நேரம் கிடைக்காது. பெட்டியைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தேன். நரம்பு புடைத்து, தோல் தொங்கிப்போயிருந்தன; வெள்ளைச் சட்டையின் கைப் பொத்தானைக்கூடப் போட்டிருந்தார்.

"சிரிக்காததுதாம்ப்பா மொதல்ல" என்றேன். "அப்புறம் உங்களப் பாத்துட்டுத்தான் சிரிச்சாங்க."

"அப்புடியா?"

"ஆமாப்பா. போன்ல டைம் இருக்கு. நான் பாத்தேன்."

"சரி தாயி" என்றார். "சரி. நல்லது."

டீ போட்டுக் கொண்டுவருகிறேன் என்று அடுப்படிக்குப் போனேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு அழுதேன். நம்பிவிட்டார் என்று நிம்மதியாகவும் இருந்தது, இப்படி நம்பவைத்து அம்மாவை நானும் ஒருதரம் அந்தப் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டேனே என்று என் மேலேயே கோபமாகவும் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் டீயில் சர்க்கரையைக் கூடுதலாகப் போட்டுவிட்டேன்.

டம்ளரை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். அப்பா பெட்டியை முகத்திலிருந்து இறக்கியிருக்கவில்லை. இடது பக்கத்துக் கண்ணாடியை மட்டும் உள்ளங்கையால் மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சிரிக்கிற படம் இடது பக்கம்தான் இருந்தது; அவர் பார்த்தது மற்றதை.